திரும்பும் நேரத்தை முன்பே குறியுங்கள்

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்களும் பைபாஸ் அறுவை முடிந்தவர்களும் மூன்றாம், நான்காம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது, எல்லாம் பேசி முடித்து எழுந்து நின்ற பிறகு ஒரு கேள்வி கேட்பார்கள். "மலை ஏறலாமா, டாக்டர்?" சிலருக்கு அது நேர்ந்துகொண்ட வேண்டுதல். சிலருக்குப் பேரப்பிள்ளைகளோடு கோடை விடுமுறை. அண்மைக்காலமாக மூன்றாவது வகையினரும் சேர்ந்திருக்கிறார்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போகிறவர்கள் இவர்கள். அங்கே வார இறுதிகளில் பனி மூடிய மலைக்கு நடக்க அழைத்துப் போவார்களாம். போகலாமா என்று கேட்பார்கள். உடன் வந்திருக்கும் மனைவியோ மருமகளோ, மருத்துவர் "கூடாது" என்று சொல்லிவிட வேண்டுமே என்ற முகத்துடன் கதவருகே நிற்பார்.

"கூடாது" என்பது ஒரே சொல். சொல்பவருக்கும் நேரம் மிச்சம், கேட்பவரின் குடும்பத்துக்கும் நிம்மதி. ஆயினும் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது தவறான விடை என்பதே என் கருத்து. "தாராளமாகப் போய்வாருங்கள்" என்பதும் அதே அளவுக்குத் தவறு. எவ்வளவு உயரம், எந்த வேகத்தில், யாருடன், எந்த நேரம் வரை என்று விரித்துச் சொல்ல வேண்டிய விடை இது. அந்த நான்கிலும் நம் குடும்பங்கள் முற்றிலும் மறந்துவிடுவது கடைசியைத்தான். எனவே அதைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுதுகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. மார்புவலி நோயை மருத்துவ உலகுக்குத் தெளிவாக எழுதிக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹெபர்டன். 1772-இல் அச்சான அவரது கட்டுரையில், இந்த வலி நடக்கும்போது வருகிறது, மேட்டில் ஏறும்போதும் உணவு உண்ட உடனேயும் மிகுதியாக வருகிறது, நின்றால் அடங்குகிறது என்று குறித்திருக்கிறார். மேடும் இதயமும் அன்று முதலே ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அதே ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்ட நோயாளி ஒருவர் ஏறக்குறையக் குணமடைந்தார் என்றும் பின்னாளில் எழுதினார். அந்த இரண்டாம் செய்தியை மருத்துவ உலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். தாமாக உணவு எடுத்து உண்ணவும் அனுமதியில்லாத மருத்துவமனைகள் இருந்தன. 1952-இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர வைத்தார்கள். நாற்காலியில் அமர்த்துவதே ஒரு புரட்சியாக இருந்த காலம் அது. 1955-இல் அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைக் கவனித்தவர்களில் ஒருவரான பால் டட்லி ஒயிட், நடையையும் மிதிவண்டியையும் மருந்துக்கு நிகராக மதித்தவர். ஐசனோவர் மறுபடி கோல்ஃப் ஆடினார், அடுத்த ஆண்டு தேர்தலிலும் நின்று வென்றார். இன்று, முறைப்படுத்தப்பட்ட உடற்பயிற்சி மாரடைப்புக்குப் பின் இதயநோய் மரணங்களையும் மறுபடி மருத்துவமனையில் சேர்வதையும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. அப்படியிருந்தும் நம் வீடுகளில், "அப்பாவுக்கு இதயத்தில் பிரச்சினை" என்றவுடன் அவர் மாடியேறுவதுகூட நின்றுவிடுகிறது.

இனி பனி மலைக்கு வருகிறேன். மேற்பயிற்சிக்காக ஓராண்டு கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரில் இருந்தேன். நகரின் வடக்கே, கடலின் கிளையொன்றைத் தாண்டியதும் மலைகள் எழுகின்றன. அவற்றில் ஹாலிபர்ன் ஒரு சிறு மலை. உச்சி ஏறத்தாழ 1,325 மீட்டர். நம் ஏற்காட்டைக் காட்டிலும் தாழ்வு, தொட்டபெட்டாவில் பாதி. பாதி உயரத்துக்கு மேலேயே தார்ச்சாலை போகிறது. அங்கிருந்து நடந்து ஏற வேண்டியது 400 மீட்டர் அளவே. போய்வர ஏழெட்டுக் கிலோமீட்டர். மலையேற்ற வீரர்கள் இதை மலையென்றே எண்ண மாட்டார்கள். குழந்தைகளும் முதியவர்களும் ஏறுகிறார்கள். ஆனால் பசிபிக் கடலின் ஈரக்காற்று நேரே வந்து மோதுவதால் அங்கே கொட்டும் பனி அளவற்றது. நகரத்துத் தெருக்களில் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் ஏப்ரல் மாதத்தில், அரைமணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் உள்ள இந்த மலையில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும்.

நம் வழக்கில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. ஆதலால் அங்கே நடப்பது என்னவென்று சற்று விளக்க வேண்டும். குவிந்து கிடக்கும் வெண்பனியில் சாதாரணக் காலணியோடு நடந்தால் முழங்கால் வரையோ இடுப்பு வரையோ கால் புதைந்துவிடும். அதற்காகவே ஸ்னோஷூ என்ற பனிமிதியடியை அணிகிறார்கள். வட அமெரிக்கத் தொல்குடிகள் மரச்சட்டத்தை வளைத்துத் தோல்வாரால் பின்னிச் செய்தது அது. இன்று அலுமினியமும் நெகிழியும். நீள்வட்டமான அகன்ற தட்டு ஒன்று காலடியில் கட்டப்படுவதால் உடலின் எடை பரந்த பரப்பில் பகிரப்படுகிறது, கால் புதைவதில்லை. அடியில் உள்ள இரும்புப் பற்கள் சரிவில் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று மிதிக்காதிருக்கக் கால்களை அகட்டி நடக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் கூடுதல் எடையைத் தூக்க வேண்டும். பார்ப்பதற்கு மெதுவான நடை. இதயத்துக்கோ அது மெதுவான வேலையன்று.

இதை அளக்க எங்களிடம் ஒரு முழக்கோல் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம். அதன் பெயர் மெட். சமதரையில் இயல்பான நடை மூன்று மெட். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறுவது நான்கு. சுமையின்றிக் குன்று ஏறுவது ஆறு அல்லது அதற்குச் சற்று மேல். பனிமிதியடி நடை, நிதானமாகப் போனால் ஐந்தைத் தாண்டும். விரைந்து ஏறினால் பத்தைத் தொடும். ஆக, ஒரே மலை, ஒரே பாதை, ஒரே நோயாளி. வேகம் மட்டும் மாறினால் இதயத்தின் வேலை இரட்டிப்பாகிறது. டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவது, உங்கள் இதயம் எத்தனை மெட் வரை குறைசொல்லாமல் வேலை செய்கிறது என்று காணத்தான். ஏழு மெட் வரை வலியும் இல்லை, இசிஜியில் மாற்றமும் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக ஏறியது என்றால், ஐந்து மெட் நடைக்கு அவரை ஏன் தடுக்க வேண்டும்? நான்கு மெட்டிலேயே மூச்சு முட்டினால், அவரை எந்த வேண்டுதலின் பெயரால் மலையேற விட முடியும்?

ஏப்ரல் மாதம் ஒருநாள் நாங்கள் ஐவர் ஹாலிபர்னுக்குப் போனோம். வழிநடத்தியவர் இதய மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். அந்த மலையைப் பலமுறை ஏறியவர். எங்களில் மூத்தவர் அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் மிதியடிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது செவிலியர் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஆசிரியர் முன்னால் நடப்பார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம். யாரும் விவாதிக்கவில்லை. ஏப்ரலில் அங்கே மாலை ஏழரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். பிறகு எதற்கு நண்பகலிலேயே திரும்ப வேண்டும் என்று மட்டும் நான் கேட்டேன். "வெளிச்சத்துக்காக இல்லை, பனிக்காக" என்றார்.

வசந்தகாலப் பனிக்கு நாளொன்றுக்கு இரண்டு குணம். இரவு வானம் தெளிந்திருந்தால் மேற்பரப்பு உறைந்து ஓடு போல இறுகிவிடும். காலையில் அதன்மேல் நடப்பது தரையில் நடப்பது போன்றது. வெயில் ஏற ஏற ஓடு இளகும்; பிற்பகலில் ஈரச் சர்க்கரைக் குவியல்போல் ஆகிவிடும். அப்போது மிதியடியோடும் கால் புதையும், அடியில் பனி உருண்டையாக ஒட்டும், ஓடைகளின்மேல் பாலம்போல் மூடியிருக்கும் பனி மெலியும், செங்குத்துச் சரிவுகளில் ஈரப்பனி சரியவும் கூடும். இளைத்த கால்களோடு இறங்கும் நேரமும் அதுதான். ஆகவே வசந்தத்தில் பனிமலை நடப்பவர்கள் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பத் தொடங்குவார்கள். சிறு மலையாயினும் அதே விதிதான். நகரத்துக்கு மிக அருகில் இருப்பதாலேயே இந்த வடகரை மலைகளில் ஆயத்தமின்றி ஏறுவோர் அதிகம். அவர்களைத் தேடிக் கொண்டுவர நார்த் ஷோர் ரெஸ்க்யூ என்ற தன்னார்வக் குழு 1965 முதல் இயங்கி வருகிறது. ஊதியம் பெறாத தொண்டர்கள் அவர்கள்; மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் கேட்பதில்லை.

வழி ஹெம்லாக், செடார் மரங்களின் ஊடே மேலேறியது. ஆசிரியர் ஓயாமல் பேசினார்: ஐஸ் ஹாக்கி, தம் பழைய மாணவர்கள், வீட்டுக்கூரை ஒழுகியது. அவர் பேச்சு குறைந்தால் செவிலியர் எதையாவது சாக்காக வைத்து நின்றார். ஒரு பறவையைக் காட்டுவார், மிதியடி வாரை இறுக்குவார். பேச்சு மறுபடி பெருகியதும் நடந்தோம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது எங்கள் துறையில் மதிக்கப்படும் சோதனை. பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவர்களுக்கு நாடித்துடிப்பை எண்ணுவது சரியான அளவைத் தராது, ஏனெனில் மருந்தே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். பேச்சு பொய் சொல்லாது. அதை இவ்வளவு நயமாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஆசிரியருக்கு அது சோதனை என்று தெரிந்தும், தெரியாதவர்போல் நடந்துகொண்டார்.

முந்தின இரவு மேகமூட்டமாக இருந்ததால் அன்று பனி சரியாக உறைந்திருக்கவில்லை. பதினொன்றுக்கே கால் கணுக்கால் வரை புதையத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு மரங்களுக்கு மேலே உச்சியின் வெண்மை தெரிந்தது. இன்னும் இருபது நிமிட ஏற்றம். வானம் நீலம். யாருக்கும் உடல்நலக் குறைவில்லை. செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாயிற்று" என்றார். ஆசிரியர் தம் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்து ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தார். தின்றுவிட்டுத் திரும்பினோம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பதினோராயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்து இருபது நிமிடத்துக்காக ஓர் உச்சியை விடுவதா என்று. இறங்குவதற்கு ஏறியதைவிடச் சற்றே குறைவான நேரம்தான் ஆயிற்று. ஓரிடத்தில் காலடியில் நீர் ஓடும் ஓசை கேட்டது; ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடந்தோம். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது ஆசிரியரின் கால்கள் நடுங்கின, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தெளிந்த இரவுக்குப் பின், காலை ஏழரைக்கே புறப்பட்டுப் பத்தரைக்கு உச்சியில் நின்றோம். வடக்கே இரட்டைச் சிகரங்கள். ஆங்கிலத்தில் அவற்றைச் சிங்கங்கள் என்பார்கள். அந்நிலத்துத் தொல்குடியினரான ஸ்குவாமிஷ் மக்களுக்கோ அவை இரட்டைச் சகோதரிகள். தென்கிழக்கே எல்லைக்கு அப்பால் மவுண்ட் பேக்கர் எரிமலை. 3,286 மீட்டர், முழுக்க வெள்ளை. கீழே கடலும் கப்பல்களும். சாம்பல்நிறப் பறவை ஒன்று அழைக்காமலே வந்து ஆசிரியரின் கையுறைமேல் அமர்ந்து ரொட்டி இருக்கிறதா என்று பார்த்தது. கொடுக்கக்கூடாது என்பது அங்கே விதி; பறவைக்கு அது தெரியாது.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரும்பும் நேரம் முன்பே குறிக்கப்பட்டிருந்ததால், முதல் நாள் உச்சிக்குக் கீழே யாரும் ஆசிரியரைப் பார்த்து "உங்களால் முடியுமா" என்று கேட்க நேரவில்லை. அவரும் "எனக்காகத் திரும்ப வேண்டாம்" என்று சொல்ல நேரவில்லை. நம் குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. மகன் விடுப்பு எடுத்து, வண்டி ஓட்டி, அம்மாவையும் அப்பாவையும் அழைத்துப் போயிருக்கிறான். அப்பாவுக்குப் பாதி வழியில் மார்பு இறுகுகிறது, அல்லது தாடையிலோ இடது தோளிலோ ஒரு கனம். சொன்னால் எல்லாரும் திரும்ப வேண்டும். பிள்ளையின் ஒருநாள் வீணாகும். ஆகவே அவர் சொல்வதில்லை. "காலைச் சாப்பாடு செரிக்கவில்லை, வாயு" என்று தாமே தமக்குச் சொல்லிக்கொண்டு இன்னும் நூறடி ஏறுகிறார். பெண்கள் இதில் இன்னும் ஒரு படி மேல். அவர்களுக்குப் பல சமயம் வலியே இராது; மூச்சிரைப்பும் இனம்புரியாத களைப்பும்தான் அறிகுறி. களைப்பை ஒரு குறையாகச் சொல்லும் வழக்கம் நம் தாய்மார்களுக்கு எப்போது இருந்தது? அவசரப் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் சொல்லும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: "கடைசி வரை ஒன்றுமே சொல்லவில்லை, டாக்டர்."

சொல்லாதவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் சொல்லத் தேவையில்லாத ஏற்பாட்டைப் புறப்படும்முன் செய்துவிட வேண்டும். அதுதான் திரும்பும் நேரம். அதைக் குறிப்பது நோயாளியின் வேலையன்று; உடன் செல்பவரின் வேலை. வீட்டிலேயே, செருப்பு அணியும்முன், குழந்தைகளும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். மலையில் நின்று கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று விட்டால் உச்சிதான் வெல்லும். எட்டிவிடும் தூரத்தில் தெரிகின்ற ஒன்றை விட்டுத் திரும்பும் வலிமை, களைத்த மனிதருக்கு அந்த நேரத்தில் அரிதாகவே வாய்க்கிறது.

நம்மூர் மலைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் இங்கே உச்சியில் இருப்பது காட்சி மட்டுமன்று, தெய்வம். வெள்ளியங்கிரிக்கு மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். இரவெல்லாம் ஏறி விடியலில் ஏழாம் மலையை அடைவது பலரின் வழக்கம். உறக்கமில்லை, உணவு முறையில்லை, இரவு மாத்திரை வீட்டு மேசையில். இதயநோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளோர் ஏற வேண்டாம் என்று அறிவுறுத்தல் உண்டு. ஆயினும் அங்கே மயங்கி விழுந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாதியில் திரும்பினால் தெய்வக்குற்றம் என்று அஞ்சுபவர்களை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் வேண்டுதலை நிறைவேற்ற நம் மரபிலேயே பல வழிகள் உள்ளன. பழனியில் விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. திருவண்ணாமலையில் கிரிவலம் பதினான்கு கிலோமீட்டரானாலும் பெரும்பாலும் சமதரை. விரும்பிய இடத்தில் உட்காரலாம், ஆட்டோ பிடிக்கலாம். சபரிமலைப் பாதையில் வழிநெடுக அவசர மருத்துவ மையங்கள் அமைக்கிறார்கள். ஆறு மெட் தாங்காத இதயத்துக்கு மூன்று மெட்டில் ஒரு வழிபாட்டைத் தேர்ந்துகொள்வதில் குறையொன்றுமில்லை.

என் துறை நண்பர்கள் சிலர் இதற்கு உடன்பட மாட்டார்கள். இப்படியெல்லாம் எழுதினால் ஏறக்கூடாதவர்களும் ஏறுவார்கள் என்பது அவர்கள் அச்சம். அச்சம் நியாயமானதே. இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், அண்மை நாட்களில் மார்புவலி கூடியவர்கள் அல்லது ஓய்விலேயே வலி வருபவர்கள், கால் வீங்கி மூச்சுத்திணறல் அடங்காதவர்கள், கட்டுப்படாத துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், இதயத் தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டவர்கள் ஆகியோர் எந்த மலையும் ஏறக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பைபாஸ் முடிந்தவர்கள் மார்பெலும்பு கூடும் வரை, ஏறக்குறைய மூன்று மாதம், விழக்கூடிய இடத்துக்கும் போகக் கூடாது, சுமையும் தூக்கக் கூடாது. ஆனால் மற்றவர்களையும் சேர்த்து மொத்தமாகத் தடுத்தால் நடப்பது வேறு. அவர்கள் எங்களிடம் சொல்லாமல் போகிறார்கள். அளவு தெரியாமல், மாத்திரை எடுக்காமல், உடன் செல்பவருக்கும் நோயைச் சொல்லாமல் போகிறார்கள். தடையால் மலைக்குப் போவது நின்றதாக நான் கண்டதில்லை. மருத்துவரிடம் கேட்பது நின்றதைக் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு பனியைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குச் சில தனிச் செய்திகள். ஹாலிபர்ன் போன்ற உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவு இருக்கும். நிலையாக உள்ள இதயநோயாளிக்கு அது பொருட்டன்று. பொருட்டாவது குளிர்தான். குளிர்காற்று முகத்தில் பட்டாலே ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். நம் ஊரில் இரண்டு மாடிக்கு வராத வலி அங்கே ஒரு மாடியில் வரலாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடி நடந்தால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடேறும். உண்டவுடன் ஏறக் கூடாது. ஹெபர்டன் சொன்னது இன்றும் செல்லும். முதல் பத்து நிமிடம் சமதரையில் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்குங்கள். நிற்கும்போதும் சட்டென்று உட்காராமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து நில்லுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள் எவ்வளவு நீர் பருகலாம் என்று புறப்படும்முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குச் சறுக்கி விழுவதே பெரிய ஆபத்து. தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் பயன்படாது. அதை முதுகுப்பையில் வைக்காமல் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் தவறு செய்யும், அதையும் அங்கேயே. வெண்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பி வீசும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரைநாள் நடந்தவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் விழுந்தாற்போல் எரியும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியின்றிப் பனியில் இறங்கவே வேண்டாம்.

சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள், அது யாருடைய பையில் இருக்கிறது என்று உடன் வருபவர் அனைவருக்கும் காட்டிவையுங்கள். மார்பு இறுகினால் ஏறுவதை அந்த அடியிலேயே நிறுத்தி, உட்கார்ந்த பிறகு நாக்கின் அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டே வைத்தால் அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால் அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்; இங்கே 108, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. வலி நீங்கிவிட்டாலும் அன்று மேலே ஏற்றமில்லை, இறக்கம் மட்டுமே.

பயணச்சீட்டு எடுத்த பிறகு ஆலோசனைக்கு வருவதே பலரின் வழக்கம். ஆறு வாரம் முன்னதாக வாருங்கள். டிரெட்மில் சோதனை தேவையா, எக்கோ போதுமா என்று பார்த்து, எத்தனை மெட் வரை போகலாம் என்பதை எழுதித் தருவோம். அந்த ஆறு வாரத்தில் வீட்டு மாடிப்படியையே மலையாகக் கொண்டு, நாளுக்குச் சில படிகளாகக் கூட்டிப் பயிலலாம். வரும்போது உங்களை அழைத்துச் செல்லப்போகும் மகனையோ மகளையோ, அவர்கள் தொலைவில் இருந்தால் அலைபேசியிலாவது, உடன் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தை நான் அவர்களிடம்தான் சொல்வேன்.